கானகக் கலையும் கற்கும் இன்பமும்



இங்கிலாந்தில் ஜோன் வாக்கர் என்னும் மருந்து வணிகர், உரசினால் பற்றும் தீக்குச்சியை 1827ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கினார். அதற்கு முன்னர் தீ உண்டாக்குவது ஒரு வித்தை. அதற்குப் பின்னர் அது ஒரு காசுக்கு வாங்கும் பண்டம். அவ்வாறே கயிறும் கூரையும் குடிநீரும் ஒவ்வொன்றாக நம் கையை விட்டுக் கடைத்தெருவுக்குச் சென்றன. இதனால் நமக்கு வந்த நன்மை பெரிது. அதனை மறுப்பார் இலர். ஆயினும், இவ்வளவு வசதியும் பெற்ற பின்னர் உலகின் பல நாடுகளில் மக்கள் தம் விடுமுறை நாட்களில் காட்டோரம் சென்று, தீக்குச்சியின்றித் தீக்கடைவதற்கும், நாரிலே கயிறு திரிப்பதற்கும், இலையாற் கூரை வேய்வதற்கும் விரும்பிக் கற்கின்றனர். ஊதியம் கருதியோ ஆபத்து நேர்ந்தோ அன்று. கற்பதில் உள்ள இன்பம் ஒன்றே கருதி. இந்தக் கானகக் கலையைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

இம்முயற்சி நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் ஹொரஸ் கெப்ஹார்ட் என்னும் நூலகர், நகர வாழ்வை விட்டு மலைக்காட்டிற் குடியிருந்து, அங்குப் பெற்ற அனுபவத்தை 1906இல் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில், பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுண்சீ தீவில் சிறுவர் சிலரைக் கூட்டிப் பாசறை அமைத்தார். சாரணர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. 1912இல் மாத்தளையிலே தொடங்கிய சாரணர் குழுவோடு அது நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. நம் காலத்திலோ, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலே ஜோன் பிளாண்ட் என்பவர், கல்லையும் களிமண்ணையும் கொண்டு தம் கையாலேயே கருவி செய்து, குடிசை கட்டி, ஓடு சுட்டுக் கூரை வேய்வதை 2015ஆம் ஆண்டு தொடக்கம் படம் பிடித்து உலகுக்குக் காட்டி வருகின்றார். அப்படங்களில் அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. என் மாணவர் முதன்முதலில் இக்கலையை அறிந்தது, நான் சொல்லியன்று. அந்தப் பேசாத மனிதரைக் கண்டே என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

இக்கலையின் முதற் பாடம் தீ. பழந்தமிழர் தீக்கடைகோலை ஞெலிகோல் என்றனர். வேள்விக்குரியதை அரணி என்றனர். சொற்கள் நம்மிடம் இருக்கின்றன; செயல்தான் மறந்துபோயிற்று. அதன் முறை சொல்வதற்கு எளிது. உலர்ந்த மென்மரப் பலகையொன்றில் ஒரு குழியிட்டு, அக்குழியின் ஓரத்திலே ஆப்பு வடிவான வெட்டு ஒன்று வைக்க வேண்டும். குழியிலே ஒரு கோலை நிறுத்தி, வில்லின் நாணை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு சிரட்டையாலோ கல்லாலோ அழுத்திக்கொண்டு வில்லை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். உராய்வினால் மரம் கருந்துகளாக உதிர்ந்து அந்த வெட்டிலே சேரும். அத்துகள் குவியலாகச் சேர்ந்து சூடேறும்போது அதனுள்ளே சிறு தணல் பிறக்கும். அத்தணலைத் தென்னந்தும்பிலோ பன்னாடைச் சிராயிலோ பொதிந்து மெல்ல ஊதினால் சுடர் எழும்.

சொல்வதற்கு எளிது என்றேன். எங்கள் பாடசாலையிலே நாங்கள் முதலில் எடுத்தது பாலை மரம். வன்னியில் எங்கும் நிற்கும் மரம். நெடுநேரம் நின்று எரியும் விறகு. நன்றாக எரியும் மரம் நன்றாகத் தீயும் தரும் என்று எண்ணினோம். மூன்று நாள் மாறி மாறிக் கடைந்தும் கை கொப்புளித்ததன்றித் தணல் பிறக்கவில்லை. எரிப்பதற்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். கடைவதற்கோ பெருவிரல் நகத்தை அழுத்தினால் பதியக்கூடிய மென்மரம் வேண்டும். இந்த ஒரு விதியை நூலிலே வாசித்திருந்தும் நாங்கள் கைக்கொள்ளவில்லை. பின்னர், எருக்கலையின் நன்றாகக் காய்ந்த தண்டைக் கோலாகக் கொண்டபோதுதான் புகை வந்தது. இன்னும் இரண்டு நாளில் தணலும் வந்தது. அந்தச் சிறு தணலைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் மூச்சடக்கி நின்ற அமைதியை, என் முப்பதாண்டு ஆசிரிய வாழ்வில் வேறெந்த வகுப்பறையிலும் நான் கண்டதில்லை.

எருக்கலையைப் பற்றி மேலும் ஒரு சொல். பாழ்நிலத்துச் செடி என்று நாம் புறக்கணிக்கும் அதன் பட்டையிலே வெண்மையும் உறுதியும் உள்ள நார் உண்டு. முற்காலத்தில் வில்லுக்கு நாணாயிற்று அந்நார். அதன் பாலோ கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு விளைக்கும். ஆகவே நன்றாகக் காய்ந்த தண்டையே எடுக்க வேண்டும். ஒரே செடியிலே பயனும் பகையும் அருகருகே இருக்கின்றன. இதுதான் காடு கற்பிக்கும் இரண்டாவது பாடம்.

இதற்கு மேலும் தெளிவான சான்று தேற்றா மரம். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேத்தாங்கொட்டையை மட்பாண்டத்தின் உட்புறத்தில் உரைத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். நீரிலே மிதக்கும் நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று திரளச் செய்து அடியிலே படிய வைக்கும் தன்மை அவ்விதைக்கு உண்டு. ஆயினும் தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் ஆகாது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் எஞ்சியிருக்கும். ஆதலால் அந்நீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும். தேற்றா மரத்தின் மிக நெருங்கிய உறவு யாது தெரியுமா? காஞ்சுரை என்றும் எட்டி என்றும் சொல்லப்படும் கொடிய நச்சு மரம். தாவரவியலார் இவ்விரண்டையும் ஒரே பேரினத்தில் அடக்குவர். நீரைத் தெளிவிப்பதும் உயிரைப் போக்குவதும் ஒரு குலத்துப் பிள்ளைகள். அவ்வாறே, கார்த்திகை மாதத்தில் வேலியெல்லாம் சுடர்விடும் கார்த்திகைப்பூவின் கிழங்கைக் காட்டு வள்ளிக் கிழங்கென மயங்கி உண்டு உயிரிழந்தவர் உளர். ஆகவே எங்கள் மாணவர்க்கு நான் விதித்த முதற் கட்டளை இது: மூன்று பெரியோர் கண்டு பெயர் சொல்லி உறுதி செய்யாத காயையோ கிழங்கையோ நாவில் வைத்தல் ஆகாது. பாலைப்பழமும் வீரைப்பழமும் உலுவிந்தம்பழமும் நாவற்பழமும் போதும். அவற்றை அறியாத வன்னிப் பிள்ளை இல்லை.

மூன்றாவது பாடம் திசை அறிதல். இதிலே நான் அடைந்த தோல்வியை நேயர்கள் கேட்டுச் சிரிக்கலாம். ஓர் ஆனி மாதத்திலே, மேனாட்டு நூலொன்றிற் படித்தபடி, நண்பகலில் சூரியன் நிற்கும் பக்கம் தெற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, பாடசாலைக்குப் பின்னாலுள்ள பற்றைக்காட்டின் வழியே அவர்களை வீதிக்கு அழைத்துச் சென்றேன். முக்கால் மணி நேரம் நடந்தும் வீதி வரவில்லை, குளக்கட்டு வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், நாங்கள் வடக்கால வந்திட்டம்" என்று பணிவோடு கூறினாள். அவள் கூறியதே சரி. இங்கிலாந்திலே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தென்புறத்தில் நிற்கும். வன்னியோ வட அகலக்கோடு ஒன்பது பாகையை ஒட்டியுள்ளது. சித்திரைப் புத்தாண்டு அளவிலே சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து, பின்னர் வடபுறம் சாய்ந்து, ஓகஸ்ட் மாத இறுதியிலே மறுபடியும் உச்சியைக் கடந்து தெற்கே செல்கின்றது. அந்த இடைக்காலத்தில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நூல் பொய் சொல்லவில்லை. அது வேறோர் ஊருக்கு எழுதப்பட்டது.

அன்றிலிருந்து நாங்கள் நிழற்கோலையே நம்புகின்றோம். சமதரையில் ஒரு கோலை நட்டு, அதன் நிழலின் நுனியிலே ஒரு கல்லை வைத்து, கால் மணி நேரம் கழித்து நிழல் நகர்ந்த இடத்திலே இன்னொரு கல்லை வைத்தால், முதற்கல் மேற்கையும் இரண்டாவது கல் கிழக்கையும் ஏறக்குறையக் காட்டும். இரவிலே துருவ நட்சத்திரத்தை நாடலாம் என்பர். ஆனால் ஓரிடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, அடிவானத்திலிருந்து அத்தனை பாகை உயரத்திலேயே துருவ நட்சத்திரம் தெரியும். நமக்கோ அது ஒன்பது பாகை. அதாவது, கையை நீட்டி மூடிப் பிடித்த முட்டியின் உயரம். வடக்கே கடலை நோக்கி நிற்பவர்க்கு அது புலப்படும். காட்டிலே நிற்பவர்க்கு மரங்கள் மறைத்துவிடும். ஆகவே மார்கழி தொடக்கம் பங்குனி வரை, நேர்கோட்டில் நிற்கும் மூன்று வெள்ளிகளை இடையிலே உடைய வேட்டைக்கார நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். அம்மூன்று வெள்ளிகளும் ஏறத்தாழச் சரி கிழக்கில் உதித்துச் சரி மேற்கில் மறைவன.

நம் நாட்டிலே காட்டைக் கற்றுக் கரையேறியவர்களுள் புகழ்பெற்றவர் றொபேட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டுக் கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர் அவர். 1679ஆம் ஆண்டு புரட்டாதி, ஐப்பசி மாதங்களிலே, ஸ்டீவன் ருட்லண்ட் என்னும் தோழரோடு, நாம் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் கரை வழியே காட்டைக் கடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளிவந்த அவருடைய நூலிலே, தாளிப்பனையின் பேரோலையை மழைக்கும் வெயிலுக்கும் கூடாரமாக நாட்டார் பயன்படுத்திய முறையை வியந்து விவரித்துள்ளார். அவரது தப்பிச் செல்லல் ஒரு நாள் துணிவின் விளைவன்று. பண்டம் விற்கும் வணிகராக ஊரூராகத் திரிந்து, வழிகளையும் நீர்நிலைகளையும் ஆண்டுக்கணக்காகப் பொறுமையோடு கற்றதன் விளைவு. கற்பித்தவர்கள் அவரைச் சிறை வைத்த நாட்டின் எளிய குடிமக்களே.

இனி, என்னை இப்பேச்சுக்குத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளின் முன்னர், ஆவணி விடுமுறையிலே, எங்கள் பாடசாலைக் காணியின் ஓரத்திலே இரண்டு நாட் பாசறை ஒன்று அமைக்க எண்ணிப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்டேன். பெரும்பாலோர் ஒப்பினர். ஒரு தாய் மட்டும் நேரே வந்தார். கையெழுத்திடாத தாளை என் மேசைமீது வைத்துவிட்டு அவர் சொன்ன சொற்களை அப்படியே கூறுகின்றேன்: "சேர், நாங்கள் ஆசைப்பட்டே மரத்துக்குக் கீழ படுத்தனாங்கள்? பட்டது காணும். என்ர பிள்ளை அந்தச் சீவியத்தைப் படிக்க வேண்டாம்."

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலே இடத்துக்கு இடம் பெயர்ந்து, தறப்பாளின் கீழும் மரத்தின் கீழும் வாழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஈர விறகிலே கஞ்சி காய்ச்சுவது எவ்வாறு, எந்த மணலைத் தோண்டினால் ஊற்று வரும் என்பவற்றையெல்லாம் எம் மக்கள் நூலிலே கற்கவில்லை. இக்கலையை இன்பத்துக்காகக் கற்கும் மேனாட்டாருக்கு, அது துன்பமாயிருந்த நினைவு இல்லை. நமக்கு உண்டு. தென்கிழக்கே வேடர் சமூகத்தவருக்கு இன்னொரு வகையில் உண்டு. செலிக்மன் தம்பதியர் 1911இல் எழுதிய நூலிலே விவரித்த குகை வாழ்வும் தேனெடுப்பும் அவர்களுடைய வாழ்வே. ஆயினும் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது, அவர்களுட் பலர் தம் காட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. காட்டிலே வாழுமாறு தள்ளப்பட்டவரும் உளர். காட்டிலிருந்து தள்ளப்பட்டவரும் உளர். இவ்விருவர் முன்னிலையில் கானக வாழ்வு இன்பமானது என்று பேசுவதற்கு ஒருவன் சற்றுத் தயங்கவே வேண்டும்.

அந்தத் தாயின் மகன் பாசறைக்கு வரவில்லை. ஆனால் இரண்டாம் நாள் மாலை, அவனைக் கூட்டிக்கொண்டு அவரே வேலிக்கரையில் வந்து நின்றார். அவன் அழுதிருக்க வேண்டும். அன்று பிற்பகல் எதிர்பாராத மழை. பிள்ளைகள் கிடுகால் வேய்ந்த கொட்டில் தப்பியது. விறகு முழுவதும் நனைந்துவிட்டது. தணல் கடைந்தெடுத்தும் அதைச் சுடராக்க முடியாமல், ஒவ்வொருவராக ஊதிக் களைத்துக் கொண்டிருந்தனர். நானும் ஊதினேன். கண் கலங்கியதன்றிப் பயன் இல்லை.

சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அந்தத் தாய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். "நிலத்தில கிடந்த விறகை எடாதேங்கோ பிள்ளையள்" என்றார். மரத்திலேயே பட்டுக் காய்ந்து நிற்கும் கொப்பொன்றை முறித்து, கத்தியால் நீளப் பிளந்தார். வெளிப்பட்டை நனைந்திருந்தது, உள்ளே மரம் உலர்ந்திருந்தது. அந்த உள்மரத்தை மெல்லிய சுருள்களாகச் சீவி, தென்னந்தும்பின்மேல் அடுக்கி, காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து ஊதினார். மூன்றாவது ஊதலில் சுடர் எழுந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தனர். அவருடைய மகன் ஆரவாரிக்கவில்லை. தாயையே பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா, இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். அவர் உடனே விடை கூறவில்லை. அடுப்பை மூட்டி, கேத்திலை ஏற்றிய பின்னரே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் அப்பால் நகர்ந்துவிட்டேன்.

நேயர்களே, அன்றைய நிகழ்ச்சியால் அந்தத் தாயின் வினாவுக்கு முழு விடையும் கிடைத்துவிட்டது என்று நான் கூற மாட்டேன். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாயிற்று. ஒரே செயலைத் துன்பமாக்குவதும் இன்பமாக்குவதும் மழையோ புகையோ அன்று. விரும்பிய நேரத்தில் எழுந்து வீடு செல்லலாம் என்ற உறுதி இருக்கின்றதா இல்லையா என்பதே. அந்த உறுதி இருந்தாலன்றி இக்கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் தகாது. உறுதி இருக்கும்போது கற்றால், துன்பத்திலே பெற்ற அறிவு துன்பத்தோடு அழிந்து போகாமல் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்து சேரும். இதற்கென ஆசிரியரைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கிடுகு பின்னும் பாட்டியும், மணலூற்றுத் தோண்டும் பாட்டனும், தேன் எடுக்கும் அயலவரும் நம் ஊரிலேயே இருக்கின்றனர். அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து ஆசனம் கொடுப்பது அதிபர்மாரின் கடமை.

இக்கலையைத் தொடங்க விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகளும் சொல்லுதல் வேண்டும். முதலாவது, வீட்டு வளவிலோ பாடசாலைக் காணியிலோ தொடங்குங்கள். பெருங்காட்டுக்குள் செல்ல வேண்டாம். யானை நம் தோழன் அன்று. இரண்டாவது, வட, கிழக்குப் பகுதிகளிலே கண்ணிவெடி அகற்றும் பணி 2002 தொடக்கம் பெருமுயற்சியோடு நடைபெற்று வந்தபோதிலும், மண்டையோட்டுக் குறியிட்ட பலகை நிற்கும் நிலத்திலே எவ்வளவு நல்ல விறகு கிடந்தாலும் கால் வைத்தல் ஆகாது. மூன்றாவது, பொறிவைத்துப் பிராணிகளைப் பிடித்தல் இக்கலையின் பகுதியென மேனாட்டு நூல்கள் சில கூறும். நமக்கு அது வேண்டாம். 1937ஆம் ஆண்டு தொடக்கம் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் சட்டம் நம் நாட்டில் உண்டு. பசிக்கு அன்றிப் பொழுதுபோக்குக்கு ஓர் உயிரைப் பிடித்தல் அறமும் ஆகாது. நான்காவது, பச்சை மரத்தை வெட்டாதீர்கள். உதிர்ந்ததும் பட்டதும் போதும். ஐந்தாவது, மூட்டிய தீயை நீரூற்றி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்தது என்று உறுதி செய்த பின்னரே அவ்விடம் விட்டு நீங்குங்கள். கோடைக்காலத்திலே காய்ந்த இலுக்கும் காவோலையும் ஒரு பொறிக்கே காத்திருக்கும்.

முதல் முயற்சியாக ஒன்று சொல்கின்றேன். நாளை மாலை, ஒரு பிடி தென்னந்தும்பை எடுத்து இரண்டு புரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கமாக முறுக்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்றுங்கள். முறுக்கு ஒருபுறமும் சுற்று மறுபுறமும் இழுப்பதனால் அவை அவிழாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒரு முழக் கயிறு திரிப்பதற்குள் கை நோகும். அந்த ஒரு முழத்தை உங்கள் வீட்டு முதியவரிடம் காட்டுங்கள். அவர் அதை வாங்கிப் பார்த்து, பிழையென்று சொல்லித் தாமே திரிக்கத் தொடங்கினால், பக்கத்திலே இருந்து பாருங்கள்.